விமானத்துக்கு வரம் கேட்டது

சேலத்தில் லேத் பட்டறை ஒன்றில் ராயப்பனுக்கு வேலை. ஒரு வருஷமாக ஒட்டிச் செதுக்கி, முழ நீளத்தில் ஒரு குட்டி விமானம் செய்திருந்தார். விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் குடிக்கிற நிஜ எஞ்சின் அதற்கு. இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்தால் வட்டமடித்துப் பறக்கும். பறக்கும் என்று அவர்தான் சொன்னார், யாரும் பார்த்ததில்லை. மாதா கோயில் மைதானத்தில் எஞ்சினைக் கிளப்பியதுமே பங்குச் சாமியார் விரட்டிவிட்டார். ஆகவே மோகனூருக்கு, மச்சான் தோமினிக்கிடம் தூக்கிக்கொண்டு வந்தார். இதெல்லாம் பறக்காது என்ற மச்சானின் கேலிக்கு இன்று முடிவு கட்டியாக வேண்டும்.

ஊரில் தோதான வெட்டவெளி, அறுவடை முடிந்த அம்மன் கோயில் காடு ஒன்றுதான். ஊர்ப் பெரியவர் காளியண்ணன் மறுக்கவில்லை.

"பறக்க உடுங்க சாமி. ஆனா ஆத்தா காட்டுல வரம் கேக்காம ஒண்ணும் செய்யறதில்லீங்க."

கிடா வெட்டுமுன் கேட்கிற அதே வரம்தான். முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சிலுப்பினால் அம்மனுக்குச் சம்மதம். ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சின் ஓடினால் விமானம் சிலுப்பாமல் என்ன செய்யும்? டப்பியைத் திறந்தார். உள்ளே இரண்டு குளோ பிளக். சுண்டைக்காய் அளவுதான், பேட்டரி கொடுத்தால் அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் கனன்று எஞ்சினைப் பற்றவைக்கும். ஒன்று இந்தச் சின்ன எஞ்சினுக்கென்றே செய்தது. மற்றது பெரிய எஞ்சினுக்கானது; இதில் மாட்டினால் இருமுவதோடு சரி. நல்லதை எடுத்து மாட்டினார்.

"சிலுப்புனா சம்மதம். அப்புறம் என்னங்க?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"அப்புறம் வெட்டறதுதானுங்க," என்றார் காளியண்ணன். பூசாரி செங்கோடன் அரிவாளோடு தயாராக நின்றார். "ஆத்தா ஏத்துக்கிட்டத வெட்டாம ஊட்டுக்குக் கொண்டுபோக முடியுங்களா?"

ராயப்பன் அவசரமாக நல்ல பிளக்கைக் கழற்றி மற்றதை மாட்டினார். இவ்வளவு அக்கறையாகத் தவறான பிளக்கை உலகத்தில் யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் தெளித்தார்கள். ராயப்பன் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைத் தட்டினார். எஞ்சின் இருமி, மூக்கை ஆட்டி, நின்றது.

"சிலுப்பிருச்சு," என்றார் செங்கோடன்.

"தலைய மட்டும் ஆட்டுனாச் செல்லாது. உடம்பு பூரா ஆடோணும்," என்றார் காளியண்ணன்.

ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடி, கடைசியில் சம்மதமில்லை என்று தீர்ப்பானது. தப்பித்த விமானத்தை ராயப்பன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

தோமினிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நாந்தான் அப்பவே சொன்னனே, மச்சான். இதாவது பறக்கறதாவது."

ராயப்பனுக்குச் சுருக்கென்றது. வெட்டுப்பட்டாலும் போகிறது, இந்தப் பேச்சை மட்டும் பொறுக்க முடியாது.

"இன்னொருக்காக் கேளுங்க," என்றார். விமானத்தைத் தோமினிக் கையில் திணித்து, நல்ல பிளக்கை மாட்டி, ஒரே தட்டு. எஞ்சின் அலறியது. மஞ்சள் தண்ணீர் தெறிக்க, மூக்கு முதல் வால் வரை சிலுப்பியது. ராயப்பன் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பற்றினார். செங்கோடன் அரிவாளை ஓங்க, பயந்துபோன தோமினிக் பிடியை விட்டார்.

பறந்தது. எல்லோர் தலைக்கும் மேலே, வட்டம் வட்டமாக. ராயப்பன் அழுதுகொண்டே சுற்றினார். இத்தனை சந்தோஷம் அவருக்கு அதுவரை வந்ததில்லை. எண்ணெய் தீர்ந்தால் இறங்கியாக வேண்டும். செங்கோடன் அரிவாளோடு அதன் பின்னாலேயே வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்.

எண்ணெய் தீரும் தறுவாயில் எஞ்சினின் குரல் மாறியதும் ராயப்பன் கைப்பிடியை விட்டுவிட்டார்.

கம்பியோடு விமானம் காவிரிப் பக்கமாக எழும்பி, தென்னைகளுக்கு அப்பால் மறைந்தது.

"ஆத்தாளே வந்து எடுத்துக்கிட்டாளுங்க," என்று காளியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோமினிக் சிலுவை போட்டுக்கொண்டார்.

ராயப்பன் வெறுங்கையோடு மச்சானிடம் வந்து நின்றார்.

"பறந்துச்சா?"

"பறந்துச்சுங்க, மச்சான்."