ஊசித்துளைத் தாள்

குவிமாடம் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். அதன்மேல் நாற்பத்தெட்டு ஓடுகளை வரைய வேண்டும். அக்காள் நாற்பத்தெட்டையும் வரைவாள். நாற்பத்தேழு என்பது அவளைப் பொறுத்தவரை பொய்.

இம்முறையும் கோடுகள் அக்காளும் தம்பியும் போட்டவை அல்ல. பழைய பள்ளிவாசலை நுண்ணோவியமாகத் தீட்டும்படி நகரச் சீரமைப்பு அலுவலகம் ஊசித்துளையிட்ட இரண்டு தாள்களை அனுப்பியிருந்தது. அவற்றைச் சித்திரத்தாளின்மேல் விரித்துக் கரித்தூள் கட்டிய துணிமுடிச்சால் தட்டினால், துளைகள் வழியே இறங்கும் புள்ளிகள் கட்டடமாகும். தட்டும்வரை உள்ளே இருப்பது கண்ணுக்குப் பிடிபடாது.

மேற்குப் பார்வைக்கான தாளைத் தம்பி காலையிலேயே தட்டி வைத்திருந்தான். மதிலை ஒட்டிய ஏழு வீடுகளின் இடத்தில் மலர்ப்பாத்திகள் இருந்தன. ஏழில் மூன்றாவது, அவர்கள் இருவருக்கும் இளையவளான தங்கையின் வீடு.

சென்ற ஆண்டு வந்த தாளில் வாயிலருகே இருந்த கடைகள் விடுபட்டிருந்தன. பிழை என்று நினைத்தே அக்காள் வண்ணம் தீட்டினாள். மூன்றாம் மாதம் தெருவிலும் கடைகள் இல்லை.

"தங்கச்சி வீடு எங்கடா?"

"கண்ணாடிய மாத்துக்கா. ஒண்ணென்ன, ரெண்டு வீடாவே தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. தூரிகையைக் கழுவித் துடைத்து, நுனியைக் கூராக்கி, அதற்குரிய இடத்தில் வைத்தாள்.

தம்பி பச்சை அரைப்பதை நிறுத்தாமலே சொன்னான்: "நாம வரையலேன்னா வேற ஆள். பேசாம வரைஞ்சு கொடுத்தா நம்ம பட்டறையத் தொடமாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"எப்போ சொன்னாங்க?"

"போன மாசம்."

"நேத்துகூட அவ வீட்ல வயிறு முட்டச் சாப்பிட்டியே. தொண்டைல இறங்குச்சா?"

"மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன்க்கா."

"கிழக்குப் பார்வையத் தட்டிட்டியா?"

"இல்ல. அதுல என்ன, நம்ம பட்டறைதானே."

அக்காள் இரண்டாம் தாளை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்து, இடமிருந்து வலமாக ஒரே சீராகத் தட்டினாள். மினார் வந்தது. வளைவு வாயில் வந்தது. தெரு திரும்பும் இடத்தில், இரண்டு சன்னல்களோடு பட்டறை நிற்க வேண்டிய இடத்தில், புள்ளிகள் எண்கோணமாக இறங்கின. நீரூற்று. சுற்றிலும் பாத்திகள்.

அரைக்கும் கல்லின் ஓசை நின்றது.

"அந்தப் பச்சை பத்தாதுடா," என்றாள் அவள்.

தாள்கள் இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற?"

"தங்கச்சி வீட்டுக்கு. நீயும் வா. போன மாசம் சொல்ல வேண்டியத இன்னைக்கு உன் வாயாலயே சொல்லு."

சன்னலுக்குக் கீழே, தெருவில் யாரோ அளவுநாடாவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் நுனி பட்டறைச் சுவரில் வந்து தட்டியது.