பெயர் சொல்லக்கூடாதவளின் குரல்

வால்டாவின் தங்கை பெயரை இனி யாரும் சொல்லக்கூடாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சாலையில் வண்டி கவிழ்ந்து அவள் செத்ததோடு பெயரும் போயிற்று; ஆஸ்திரேலியப் பாலைவனத்து அந்தப் பழங்குடி ஊரின் முறை அது. படம் கூடாது, குரலும் கூடாது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவள் எப்படிப் போய்ச் சேருவாள்?

குரலோ பள்ளிக்கூடத்து டேப்லெட் எல்லாவற்றிலும் இருந்தது. உதவி ஆசிரியை வால்டா, பிள்ளைகள் சொந்த மொழியில் படிக்கட்டும் என்று பாடங்கள் செய்திருந்தாள். பேசியவள் தங்கை. சொல்லைச் சரியாகத் தொட்டால் அடுத்த படம் வரும்; கடைசிப் படமும் முடிந்தால் ஏதாவது சொல்லி அனுப்பிவைப்பாள். தப்பாகத் தொட்டால், "மண்டைக்குள்ள மணலா ரொப்பி வச்சிருக்க? இன்னொரு தடவ பாரு" என்பாள். அந்தத் திட்டைக் கேட்கவே, பள்ளிக்கு மட்டம் போடுகிறதுகள்கூட ஓடிவரும்.

உறவெல்லாம் ஊருக்கு வெளியே கூடித் தங்கி அழும் துக்க முகாமிலிருந்து திரும்பிய வால்டா, சத்தத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு டேப்லெட்டிலும் பாடங்களை அழித்தாள். புயலில் அறுந்த இணையம் போன வாரம் திரும்பியது. வந்த கையோடு, எங்கோ சேமித்திருந்த பாடங்களை டேப்லெட்டுகள் தாமாகவே இறக்கிக்கொண்டன. அது அவளுக்குத் தெரியாது.

தங்கை மகள் ரேலீன் மூலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கங்காரு படத்துக்கு 'மழை' என்று தொட்டாள். மறுபடியும் 'மழை'. வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள் அவள். வால்டா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"எப்போலேருந்து கேக்கற?"

"முந்தாநாளா."

"கேக்கக்கூடாதுன்னு தெரியும்ல கண்ணு. நாம கூப்பிட்டா அவ போகமாட்டா."

"நான் கூப்பிடல பெரியம்மா. அவதான் திட்டறா."

அடிலெய்டிலிருந்து வந்த டீச்சர் ப்ரோன்வின் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு பிரதி மட்டும் என் அலமாரில பூட்டி வைக்கட்டுமா வால்டா? சில வருஷம் கழிச்சு, வேணும்னா..."

"பூட்டு என்ன பூட்டு. அங்க இருக்குன்னு தெரிஞ்சா மொதல்ல ஒடைக்கறது நான்தான். எங்க சேமிச்சிருக்கோ அங்கேருந்தே அழிச்சு எடுத்துரு."

ரேலீன் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒரு தடவ சரியாப் போட்டு முடிச்சுட்டுத் தரேன்."

வால்டா கூடாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே போய் வேலியோரம் நின்றாள். செம்மண் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. முகாமில் கம்பளிக்கடியில் படுத்து அழுத அழுகையெல்லாம் அழுகையே இல்லை என்று தோன்றியது.

ரேலீன் வந்து டேப்லெட்டை நீட்டினாள்.

"முடிஞ்சுச்சா?"

"ம். போய் வெளையாடுன்னுட்டா. பசிச்சா வீட்டுக்கு வரச் சொன்னா." கால்விரலால் மண்ணைக் கீறினாள். "எந்த வீட்டுக்குப் பெரியம்மா?"

செத்தவள் இருந்த வீட்டை முறைப்படி காலி செய்து கதவை அடைத்தாயிற்று. ரேலீன் இப்போது படுப்பது வால்டா வீட்டு வராந்தாவில். 'நம்ம வீட்டுக்குத்தான்டி' என்று சொல்ல வேண்டும்.

டேப்லெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ப்ரோன்வினிடம் கொடுத்தாள்.

"எடுத்துரு" என்றாள்.