சுவரில் மாட்டிய சம்பளம்

பதினாலாவது எபிசோடில் ஸ்டாரைக் கொன்றார்கள். தொடர் ஓடும் காலமெல்லாம் அப்பா வேடம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். லாரி மோதும் என்று யாரும் சொல்லவில்லை. லாரியைக்கூடக் காட்டவில்லை, செலவு மிச்சம். ஒரு பிரேக் சத்தம், மனைவியாக நடித்த அம்மாளின் ஓர் அலறல். அத்தோடு அவன் கலைச்சேவை முடிந்தது.

பிறகு மச்சானின் டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்தான். ஸ்டார் என்று பட்டம் கொடுத்ததும் அந்த மச்சான்தான். வாடிக்கையாளர் முன்னாலேயே கூப்பிடுவார்: "ஸ்டாரு, அந்த பாத்ரூம் டைல்ஸ எடுத்துக் காட்டு மாப்ள. பாத்து, இதுலயும் அடிபட்டுச் செத்துடாத."

மூன்றாம் மாதம் அவன் வங்கிக்கணக்கில் பணம் விழுந்தது. அனுப்பியது தொடர் கம்பெனி. செத்தவனுக்குச் சம்பளமா? கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டான்.

"உன் போட்டோவ ஹால்ல மாட்டிருக்கோம்ல? திரையில முகம் தெரிஞ்சா அரை நாள் சம்பளம்னு நடிகர் சங்கத்துல எழுதி வாங்கிருக்காங்க. போட்டோல இருந்தாலும் முகம் முகந்தானாம். வயித்தெரிச்சலக் கெளப்பாம போன வையி!"

அந்தத் தொடர்க் குடும்பத்துக்கு ஒரு நல்ல பழக்கம். அழுவதானாலும் சொத்துக்கு அடித்துக்கொள்வதானாலும் ஹாலுக்கு வந்து, அப்பா போட்டோவுக்குக் கீழே நின்றுதான் செய்வார்கள். உயிரோடிருந்தபோது வாரம் ஒருநாள் கூப்பிட்டவர்கள், செத்தபிறகு அவனுக்கு லீவே கொடுக்கவில்லை.

ஸ்டார் டைல்ஸ் கடைக்கு முழுக்குப் போட்டான். வீட்டு வாடகையும் மகள் படிப்பும் சுவரிலிருந்தே வந்தன. அவன் மனைவி வியாபாரக் குடும்பத்துப் பெண். தொடரில் கதையைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பாள். "ஏங்க, இன்னைக்கு எல்லாரும் சமையக்கட்டுலயே சண்ட போட்டுட்டாங்க. நீங்க வரவே இல்ல" என்று வருத்தப்படுவாள்.

இப்படி இரண்டு வருடம் நிம்மதியாகச் செத்துக்கிடந்தவனுக்கு மேனேஜரிடமிருந்து போன்.

"கத ஒரு எடத்துல முட்டிக்கிச்சு. அப்பா சாகல, ஞாபகம் போயி எங்கயோ சுத்திட்டிருக்காருன்னு கொண்டுவரப் போறோம். வியாழக்கிழம வந்து நடிச்சுக் காட்டு."

"அப்போ போட்டோ?"

"உசுரோட இருக்கறவன் போட்டோவ எவன்யா மாட்டி வைப்பான்? ஒரு மாசம் நடி. அப்புறம் வெளிநாட்டுக்கு அனுப்பிடுவோம்."

மனைவி காதில் விழுந்ததும் கையிலிருந்த துணியை உதறிப் போட்டாள். "ஒரு மாசக் கூத்துக்கு வருஷக்கணக்கா வர்ற காச விடுறதா?"

"எனக்குள்ள ஒரு நடிகன் இருக்கான்டி."

"இருந்துட்டுப் போறான், நானா வேணாங்கறேன்? வெளிய விடாதீங்க. போயி வசனத்தக் கொதறிட்டு வாங்க. அவங்களே வேணாம்னு சொல்லிடட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். பஸ்ஸில் போகும்போதுகூட எந்த வரியில் திக்குவது, எங்கே சிரித்துத் தொலைப்பது என்று பக்காவாகத் திட்டம் வைத்திருந்தான்.

முகத்தில் விளக்கு விழுந்தது. எதிரே, மனைவியாக நடித்த அந்த அம்மாள் கண்ணில் நீரோடு நின்றாள். போச்சு. வாடகை, படிப்பு, மனைவிக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் காற்றில் பறந்தன. குரல் நடுங்கியது, முழங்கால் மடங்கியது, மூக்கு ஒழுக நிஜமாகவே அழுதான். இதற்குமேல் அவனிடம் சரக்கு இல்லை, இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான்.

முடித்தபோது அந்த இடமே அமைதியாக இருந்தது. அசந்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

டைரக்டர் மேனேஜர் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கும் ரகசியக்குரலில் சொன்னார்: "போட்டோல இருக்கற கம்பீரம் எங்கய்யா? கைமாத்து கேக்க வந்த ஆளு மாதிரி இருக்கான். அப்பா செத்தவராவே இருக்கட்டும். அவருக்குத் தொலஞ்சுபோன தம்பின்னு யாரையாவது கூட்டிட்டு வா. அந்தப் போட்டோவ இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணி மாட்டு."

வீட்டு வாசலிலேயே மனைவி காத்திருந்தாள். "என்னாச்சுங்க?"

"செத்தவனாவே இருக்கச் சொல்லிட்டாங்க."

இந்தச் செய்தியை எந்த மனைவியும் இவ்வளவு பூரிப்போடு கேட்டிருக்கமாட்டாள். "அப்போ நான் சொன்ன மாதிரியே கெடுத்துட்டீங்க!"

அவன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். "கெடுத்துட்டேன்."

"வேணும்னே பண்றீங்கன்னு டைரக்டருக்குச் சந்தேகம் ஏதும் வரலியே?"

"வரல" என்றான். "சத்தியமா வரல."