குறுக்கே வெட்டிய பட்டி

“கைய மடக்குங்கடா, வெரசா! வெறைச்சுப்போனா கோட்டுக்குள்ள நொழையாது” என்று கத்திக்கொண்டே பிச்சைமணி, தன் அண்ணன் மொக்கச்சாமியின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மலைக்காய்ச்சலில் மொக்கச்சாமி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் இன்னும் அழவில்லை. புருஷன் செத்தும் கண்ணில் ஒரு சொட்டு இல்லையே என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் நாக்குக் குழறுவதற்கு முன்னால் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்தக் கோட்டப் போட்டு, கடைவீதி வழியாத் தூக்கிட்டுப் போங்கப்பா. எம்பட்டிய ஊரு பாக்கட்டும்.”

எம்பட்டியாம்! சாகிற வாயிலும் பொய்தான் வந்தது.

அவனே தனக்காகத் தைத்துக்கொண்ட வெள்ளை டிரில் துணிக் கோட்டு. கழுத்து, முன்பக்கம், கைமுனை என்று சுற்றிலும் ஓரத்தை மூடித் தைத்த சிவப்புப் பட்டி. போடியில் மற்ற தையற்காரர்கள் வைக்கிற பட்டி வளைவு வந்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். மொக்கச்சாமி தைக்கிற பட்டியோ சுருக்கமில்லாமல் வளைந்து படுக்கும். அதற்காகவே குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துத் துரை கோவேறு கழுதையில் துணி அனுப்பினார். ஊரில் அவனுக்குப் ‘பட்டி மொக்கச்சாமி’ என்றே பெயர்.

பட்டியைக் கண்டுபிடித்தது வேலுத்தாய். கல்யாணமான புதிதில், வெற்றிலைப் பையின் வட்ட வாய்க்குக் கரை வைக்கப் பார்த்தாள். நேராக வெட்டிய துணி படியவில்லை. மிச்சத் துணியின் மூலையை எதிர்க் கரையோடு மடித்து, மடிப்பின் மேலேயே மூலைவாட்டத்தில் குறுக்காக வெட்டி இழுத்துப் பார்த்தாள். துணி ரப்பராக நீண்டது. அந்த நேரம் பார்த்து மொக்கச்சாமி உள்ளே வந்தான்.

“துணியக் குறுக்க வெட்டுறவ குடும்பத்த நேராவா நடத்துவ? மூதேவி!”

அளவுகோலால் விரல்களில் விழுந்தது அடி. மோதிர விரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அடித்தவன் மறுநாள் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கதவைத் தாழிட்டுவிட்டு, “இன்னொண்ணு வெட்டு” என்றான்.

அப்புறமெல்லாம் உள்ளறையில்தான் வேலை. வெட்டுவது, துண்டுகளைச் சாய்வாக ஒட்டுத் தைப்பது, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது எல்லாம் அவள் கை. கடையில் உட்கார்ந்து அதை வைத்துத் தைப்பது மட்டும் அவன். கடையில் கூட உட்கார்ந்து தைக்கிற தம்பி பிச்சைமணியைக்கூட உள்ளே விடமாட்டான். ஒருநாள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, “இத யாருகிட்டய்யா படிச்ச?” என்று கேட்டபோது, “எந்தலையில உதிச்சது சாமி” என்றான். கருப்பட்டிக் காப்பியோடு அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்தச் சொல்லை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிச்சைமணி கோட்டை விரித்தபோதுதான் வேலுத்தாய் வாயைத் திறந்தாள். பங்காளிகளில் மூத்தவரான ஒச்சப்பனைப் பார்த்து, “மாமா, ஊசி ஏறுன துணி பொணத்துக்கு ஆகுமா?” என்றாள்.

“ஆகாதாத்தா. அரணாக்கொடியவே அத்துப்புட்டுத்தான அனுப்புறோம்.”

“அண்ணன் கடைசியாக் கேட்டது, பெரியப்பா!” என்று பிச்சைமணி கத்தினான்.

ஒச்சப்பன் யோசித்தார். “தையலப் பிரிச்சுட்டா வெறுந்துணிதான? பிரிச்சு மேல போத்துங்க. ஆசையும் தீந்தாப்புல ஆச்சு.”

“நான் பிரிக்கிறேன்” என்றாள் வேலுத்தாய்.

கத்தரி முனையைக் கழுத்துப் பட்டிக்குள் கொடுத்தாள். கடைசிப் பணிவிடை செய்கிறாள் என்று பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவளுக்கோ ஒவ்வொரு இழை அறும்போதும் இனித்தது. பட்டி முழுசாகக் கையோடு வந்தது. அதைச் சுருட்டி மடியில் சொருகிக்கொண்டாள். பிறகு கை, முதுகு, முன்பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டாள். பிசிறு தொங்கும் அந்த வெள்ளைத் துண்டுகளைப் போர்த்தித்தான் பட்டி மொக்கச்சாமியைக் கடைவீதி வழியே தூக்கிப் போனார்கள்.

“பட்டி எங்கப்பான்னு வழியெல்லாம் கேட்டாக” என்று, சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம். ஈரத் தலையோடு பிச்சைமணி அவள் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“மதினி, துரை கோட்டு அரகொறையாக் கெடக்கு. கழுதக்காரன் நாளைக்கு வந்து நிப்பான். சாவு வீடுன்னா துரை கேப்பாரா? மத்தத நான் தச்சுருவேன். இந்தப் பட்டி சோலிதான் புரியல. நீங்கதான் கூடமாட இருந்து பாத்திருப்பீகளே?”

“அது யாரு பட்டி, கொழுந்தனாரே?”

பிச்சைமணி அவளுடைய மடங்காத விரலைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு உள்ளறையில் யார் கை வேலை செய்தது என்று தெரியாதா? ‘ஒங்களது’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், தீட்டு வீடென்றும் பாராமல் அவள் துணியை விரித்திருப்பாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணனோடதுதான். ஊருக்கே தெரியுமே.”

“அப்ப ஒங்க அண்ணங்கிட்டயே கேளுங்க” என்றாள் வேலுத்தாய்.

அவன் எழுந்து துரையின் துணியை எடுத்துக்கொண்டு போனான். அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். முன்கூடத்தில் பட்டிக்காகத் துணி நேராகக் கிழிபடும் சத்தம் கேட்டது.