சுந்தரராஜ் சோதித்த விளக்குகள்

1.
இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் பேட்டரி இறங்கிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று, எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். 'தள்ளாதீர்கள்' என்று முதல் சொல்லை எழுதியதுமே, தள்ளியவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

2.
தொடக்கம் ஒன்று: சயனைடு மேட்டின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த...

[அடித்துவிட்டேன். கோலார் தங்கவயல் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குத் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த அந்த மேடு வேண்டும். படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தூசியைத் தின்பது நாங்கள்.]

தொடக்கம் இரண்டு: கோரமண்டல் பகுதி சுந்தரராஜ், சுரங்கத்தின் லேம்ப் ரூமில் வேலை பார்த்தவர். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களின் தலைவிளக்கை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார். சுரங்கத்தை மூடிய பிறகு அவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. பெங்களூரில் வண்டி நிறுத்த இடமில்லாத மகன் வின்னி, தன் புதுக் காரை சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு முன்னால் நிறுத்திச் சாவியைக் கொடுக்கும்வரை.

"நீ பாத்துக்கோப்பா. ஸ்டார்ட் மட்டும் பண்ணாதே, பெட்ரோல் வேஸ்ட்டு."

அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. பார்த்துக்கொண்டார். தினமும் காலையில், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தி, முன்விளக்கு பின்விளக்கு இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட்டு, காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்து, கண்ணாடியெல்லாம் துடைத்த பிறகுதான் அணைப்பார்.

[இங்கே அவரை முட்டாளாக்கினால் கதை சுலபமாக ஓடும். மனம் வரவில்லை. எரிகிற விளக்கு பேட்டரியைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியாதா? லேம்ப் ரூமில் தினமும் சார்ஜில் போட்டவர் அவர்தானே. இது கம்ப்யூட்டர் வைத்த வண்டி, தன் சார்ஜைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார்.]

3.
ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கிய வின்னி, சாவி வைத்திருந்த அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினான். டக் டக் என்றது. அவ்வளவுதான்.

லைனே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒரு பழைய சுரங்க ஆள் கத்தினார்: "தள்ளுங்கடா! பூமிக்கடியில லெவல்ல கல்லு டப்பு வண்டி தள்ளுன கைடா இது!"

கியர் பூட்டிக்கொண்டிருந்ததால் கார் அசையக்கூட இல்லை. அடுத்த லைன் டாக்சி டிரைவர் ஸ்டீவன், தன் வண்டியையும் கேபிளையும் கொண்டுவந்தான்.

"யோவ், ஆட்டோமேட்டிக்யா இது. பங்காருபேட்டை வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆவாது. நவுருங்க."

ஸ்டீவன் மாட்டினான்: சிவப்புக் கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை தன் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, தன் பேட்டரியின் மைனஸில். மிச்சமிருந்த கறுப்பு முனையை சுந்தரராஜ் வாங்கி, செத்த பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டுபோனார்.

"மாமா, நில்லுங்க! அங்க வெச்சி பொறி பறந்துச்சின்னா பேட்டரி வெடிக்கும். இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத போல்ட்டுல மாட்டணும். செவப்பு கறுப்பு மாறிச்சின்னா கம்ப்யூட்டரே காலி."

ஸ்டீவன் தன் இன்ஜினை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில், சட்டைப் பைச் சாவியோடு சுந்தரராஜ் ஜன்னலுக்குள் குனிந்ததும், வின்னியின் காரும் உறுமியது. மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கேபிளைக் கழற்றினான் ஸ்டீவன்.

"ஆஃப் பண்ணிடாத வின்னி. அரை மணி நேரமாவது ஓட்டிகினு வா. இன்னா மாமா, லைட்டு எதனா போட்டு உட்டுட்டீங்களா?"

"உடறதா?" சுந்தரராஜ் நிமிர்ந்தார். "டெய்லி எல்லா லைட்டும் எரியவுட்டுப் பாக்கறேன். ஒண்ணுகூட ஃபெயில் கெடையாது."

"டேய், லேம்ப் ரூம இன்னும் மூடலடா!"

லைனே சிரித்தது. வின்னி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"சாவிய குடுப்பா. இனிமே நீ ஒண்ணும் பாத்துக்க வேணாம்."

4.
முடிவு ஒன்று: ஸ்டீவன் குறுக்கே வந்து, "பேட்டரியே பழசு, மாமா இன்னா பண்ணுவாரு" என்கிறான். [புதுக் கார் என்று நானே எழுதிவிட்டேன். அதோடு, ஊரே சிரிக்கும்போது ஒருவருக்காக இன்னொருவர் பொய் சொன்னதை எங்கள் லைனில் நான்...]

முடிவு இரண்டு: மகன் இறங்கி வந்து அப்பாவின் தோளில் [வேண்டாம்.]

முடிவு மூன்றை எழுதுவதாக இல்லை. இந்தக் காலத்துக் கார், ஒருமுறை ஓடத் தொடங்கினால் சாவி வெளியே இருந்தாலும் நிற்காது. நிறுத்திவிட்டால்தான், சாவி இல்லாமல் மறுபடி கிளம்பாது. சுந்தரராஜுக்கு இது தெரியும். [இன்னொரு சாவி பெங்களூரில் இருக்கிறது. வழியில் நிறுத்தாமல் ஓட்டினால், மகன் இந்தச் சாவி இல்லாமலே போய்ச் சேரலாம்.] வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மகனின் கை நீண்டபடி இருக்கிறது. சாவி அப்பாவின் சட்டைப் பையில். பையின் மேல் அவர் கை.

அந்தக் கையை நான் விலக்கப்போவதில்லை. கதை முடிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் வந்து விலக்கிக்கொள்ளுங்கள். அவர் தடுக்கிற ஆளில்லை.