கூட்டல் அரைக்குறை

குறைதீர்க்கும் நாளில் மாவட்ட அலுவலகக் கூடத்துக்குள் நானூறாவது ஆள் நுழைந்ததும் கூட்டம் திரவமாகிவிடும். வாசலிலேயே அப்படி அறிவிப்புப் பலகை இருந்தது. மரகதவல்லி அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மகள் நறுமுகையின் சான்றிதழில் தாயார் பெயர் 'மரகதம், வள்ளி' என்று இரண்டு பேராக அச்சாகியிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் இருவரும் ஒருவராகாவிட்டால் கல்லூரி இடம் போய்விடும். நறுமுகை வாசலில் காத்திருந்தாள்.

பத்தே காலுக்கு நானூறாவது ஆள் வந்தார். எல்லாத் தோள்களும் ஒரே பக்கம் திரும்பின. யாரும் யாரையும் தள்ளவில்லை. படிய வாரிய தலைமுடிபோல வரிசைகள் தாமாகவே வழிந்தோடின. மரகதவல்லி நின்ற இடத்தில் மட்டும் அவை கொண்டை ஊசியாக வளைந்து திரும்பின.

எழுத்தர் குமரகுருபரன் நாற்காலிமேல் ஏறிப் பார்த்தார்.

"எம்மா, நீங்க குறை."

"குறை சொல்லத்தான் சார் வந்தேன்."

"சொல்றவங்க இல்ல. நீங்களேதான் குறை. வரிசை உங்ககிட்டதான் வளையுது. அதுவும் அரைக்குறை. கூட்டல் அரை." பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "கழித்தல் அரை ஒண்ணு தூண்கிட்ட நிக்குது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்தா பூஜ்யம், தீர்ந்துடும்."

"எது தீரும்?"

"ரெண்டும்."

மரகதவல்லி திரும்பி நடந்தாள். கால்கள் வாசலுக்கு நடந்தன. உடம்பு தூணை நோக்கிப் போனது. கூட்டல் அரைகளுக்குச் சொந்த ஓட்டம் உண்டு, கழித்தல் அரைகளுக்குக் கிடையாது என்றார் எழுத்தர். விதி அப்படி.

"அதுக்குள்ள இதையாவது முடிச்சுக் குடுங்க சார்!"

அவள் நீட்டிய சான்றிதழை வாங்கிக்கொண்டு அவரும் இறங்கி மேசையோரமாகக் கூடவே நடந்தார்.

"மரகதவல்லி. ஒருத்திதானே?"

"ஒருத்திதான்."

"இப்போதைக்கு" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

"வாசல்ல பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணுகிட்ட குடுத்துடுங்க" என்று பக்கத்தில் ஓடிய பெண்ணிடம் தாளைக் கொடுத்தாள் மரகதவல்லி. அது கைமாறிக் கைமாறிப் போனது. பச்சைச் சுடிதார்க் கை ஒன்று வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

தூணருகே ஒல்லியான ஒருவர் நின்றார். மூன்று பக்கத்திலிருந்தும் வந்த கூட்டம் அவரைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. பெயர் ஞானப்பிரகாசம் என்றார்.

"தெருவிளக்கு எரியலன்னு சொல்ல வந்தேன். இங்க நின்னு பதினோரு வருஷமாச்சு. இப்ப எரியுதா?"

"எந்தத் தெருண்ணே?"

"அதுதான் மறந்துபோச்சு." அவள் முகத்தைப் பார்த்தார். "பயமா இருக்கா தங்கச்சி?"

"பொண்ணு காலேஜுக்குப் போறதப் பாக்கணும்ண்ணே."

"நான் வேணா தள்ளி நிக்கிறேன்."

முயன்றார். நெற்றி வியர்த்தது. ஓரங்குலம்கூட நகர முடியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா."

தோளோடு தோள் பட்டது. வரிசைகள் நேராயின. தூணருகே இருவரும் இல்லை; கூடம் சுத்தமாக இருந்தது.

வெகுநேரம் காத்திருந்த நறுமுகை சான்றிதழோடு உள்ளே வந்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். குமரகுருபரன் பக்கங்களைப் புரட்டினார். மரகதவல்லிக்கு எல்லாம் கேட்டது; பதில் சொல்ல வாய் எங்கே என்றுதான் தெரியவில்லை.

"அந்தக் குறை தீர்ந்துடுச்சும்மா."

"எங்கம்மா குறை இல்ல சார்."

"அதத்தாம்மா நானும் எழுதியிருக்கேன்" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் அவர். "குறை இல்லை. பாரு."