சுவரில் வளர்ந்த கலைமான்

கெலெமென் செப்டம்பரில் சுட்டுக் கொன்ற கலைமான், மார்ச்சில் சமையலறைச் சுவரில் மண்டையோடாகத் தொங்கியபடியே கொம்புகளை உதிர்த்தது. ஒன்று தரையில் விழுந்தது, மற்றது மீன்சூப்பில். "உன் மானுக்கும் பசி போல. கொம்ப எடு, சூப்பு ஆறுது" என்றாள் அவன் மனைவி எத்தெல்கா.

டான்யூப் ஆற்றங்கரைக் காட்டில் மான் மந்தையின் தரத்தைக் காப்பது கெலெமெனின் வேலை. நல்ல கொம்புள்ள கலைமான் பன்னிரண்டு வயதுவரை வாழலாம். குறைக் கொம்புள்ளதை இனம் பெருக்கும் முன் சுட்டுவிட வேண்டும். இதற்கு வயது நான்கு. வலக் கொம்பில் ஐந்து கிளைகள். இடக் கொம்பு கிளையின்றி ஈட்டி போல நின்றது. அத்தகைய மான் சண்டையில் மற்றவற்றைக் குத்திக் கொன்றுவிடும். சுட்டான். வேட்டை வழக்கப்படி, கடைசி உணவாக அதன் வாயில் ஓக் இலைக்கொத்தை வைத்தான். ஜனவரியில், சுட்ட மான்களின் கொம்புகளையெல்லாம் பரிசோதிக்கும் கண்காட்சியில், குழுத் தலைவர் வெந்தெல் மண்டையோட்டில் பச்சைப் பொட்டு ஒட்டினார். சரியான மான் என்று பொருள். தவறான மானுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கிய காவலருக்குத் துப்பாக்கியும் இல்லை, காட்டு வீடும் இல்லை.

ஆகஸ்டுக்குள் சுவரில் புதிய கொம்புகள் வளர்ந்தன. இடப்பக்கம் இரண்டு கிளை. மறுவருடம் நான்கு. வெந்தெல் ஒவ்வொரு ஜனவரியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு வயதில் தங்கப் பதக்கத் தரத்தை எட்டினால் அதைச் சுட்டதே தவறு, பச்சைப் பொட்டு சிவப்பாகும் என்றார். மற்ற காவலர்கள் சிரித்தார்கள். "இவன் சுட்டா மான் வளருதுப்பா. மொத்தக் காட்டையும் இவனையே சுடச் சொல்லுங்க." கெலெமென் சிரிக்கவில்லை. தினமும் அளவுநாடாவோடு நாற்காலியில் ஏறினான்.

மானுக்குப் பன்னிரண்டு வயதான ஜூலையில் ரம்பத்தை எடுத்தான். ஒரு கிளையை அறுத்தால் போதும். பதக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. கொம்பின் மேல் மென்மயிர்த் தோல் இன்னும் உரியவில்லை. பிடித்தான். சூடாக இருந்தது. உள்ளே நாடி துடித்தது.

"அறு. இல்லாட்டி வீடு போயிடும்" என்றாள் எத்தெல்கா.

"உசுரு இருக்குடி."

"எட்டு வருஷமா இருக்கு. இப்பத்தான் தெரியுதாக்கும்."

ரம்பத்தை ஆணியில் மாட்டினான்.

ஜனவரியில் பதினெட்டுக் கிளைகள், பன்னிரண்டு கிலோ. வெந்தெல் மூன்று முறை அளந்தார். பச்சையை நகத்தால் சுரண்டி எடுத்தார், சிவப்பை ஒட்டினார்.

"ஏன்யா, வீட்ல ரம்பம் இல்லையா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இருக்குங்க."

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு மண்டையோட்டைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

ஊருக்குள் வாடகை வீடு. அங்கும் சமையலறையில்தான் மாட்டினார்கள். செப்டம்பரில் மண்டையோடு இணை தேடி முழங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் பெண் மான்கள் ஆற்றை நீந்திக் கடந்து வந்து முற்றத்தில் நின்றன. அக்கம்பக்கத்தார் முட்டைக்கோஸ் போனதற்கு மட்டும் சத்தம் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்தின் மந்தைக் கணக்கில் வெந்தெல் ஒரு வரி சேர்த்தார்: கலைமான், வயது பதின்மூன்று, இனப்பெருக்கத்துக்கு உகந்தது, சுடக் கூடாது, இருப்பிடம், கெலெமென் வீட்டுச் சமையலறை.